தொட்டி செய்யுமுன் மாட்டை அளந்து பாருங்கள்

சென்னையில் பசுமடம் நடத்தும் நிர்வாகிகளுக்கும், அங்கே தீவனத் தொட்டியும் வைக்கோல் கூண்டும் உபயம் செய்யும் அன்பர்களுக்கும் வணக்கம்.

மாதவரம் பக்கம் மூன்று தலைமுறையாக மாடு கட்டிய வீடு எங்களுடையது. இப்போது வீட்டில் மாடு இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பசுமடத்துக்குப் போய்ச் சாணி அள்ளுவதோடு சரி. எந்த மடம் என்று சொல்லப் போவதில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் தன் வீட்டில் புங்கனூர் மாடுகளுக்குத் தீவனம் கொடுக்கும் படம் வந்தது, நினைவிருக்கும். அதற்கு அப்புறம் நாங்கள் போகும் மடத்துக்கும் மூன்று புங்கனூர் வந்து சேர்ந்தன. சித்தூர்ப் பக்கத்துக் குட்டை இனம். உயரம் 70 முதல் 90 சென்டிமீட்டர்தான். நம் இடுப்புக்கு வந்தால் அதிகம். வந்த மாடுகளை ஜெர்சி கலப்பு மாடுகளுக்குச் செய்த இரும்பு வைக்கோல் கூண்டின் முன்னால் கொண்டுபோய்க் கட்டினார்கள். கூண்டின் அடிக்கம்பியே அவற்றின் முகத்துக்கு மேலே இருந்தது. பாவம், கழுத்தை அண்ணாந்து வைக்கோலை ஒவ்வொரு தாளாக இழுத்தன. இழுக்க இழுக்கத் தூசியும் கூளமும் நேராகக் கண்ணில் விழுந்தது. ஒரு வாரத்தில் ஒன்றுக்குக் கண் சிவந்து நீர் வழிய ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்தபோது இமையோரத்தில் ஒரு நெல் உமி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூண்டில் உபயதாரர் பெயர் மட்டும் சிவப்புப் பெயின்டில் பளிச்சென்று தெரிந்தது.

மாடு தலையைக் குனிந்து மேய்கிற பிராணி. குனிந்து தின்னும்போது உமிழ்நீர் நன்றாக ஊறும், அசைபோடவும் செரிக்கவும் அது வேண்டும். ஆகவே குட்டை மாட்டுக்குத் தொட்டியின் அடித்தளம் அது நிற்கும் தரையைவிட நான்கு விரற்கடை உயரம் இருந்தால் போதும். முன்பக்கச் சுவர் ஒன்றேகால் அடிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் தொண்டை விளிம்பில் அழுந்தும், கழுத்து மயிர் தேய்ந்து தோல் தடித்துப்போகும்.

கம்பி வைத்த கூண்டுதான் வேண்டும் என்றால் இடைவெளியைப் பாருங்கள். மூக்கு நுனி மட்டும் நுழைகிற அளவாக இருக்கட்டும். இல்லையென்றால் கொம்போடு தலை தாராளமாகப் போய்வரட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அளவுதான் வினை. ஆறு மாதக் கன்று ஒன்று தலையை விட்டுக்கொண்டு எடுக்க முடியாமல் கதறியது. எண்ணெய் தடவிப் பார்த்தோம், கடைசியில் ஆக்சா பிளேடால் கம்பியை அறுத்துத்தான் எடுத்தோம். வலைப் பையில் வைக்கோல் தொங்கவிடுவதும் வேண்டாம், கொம்பு சிக்கும்.

நான் சிபாரிசு செய்வது ரொம்பச் சாதாரணமான பொருள்: கிணற்றுக்கு இறக்கும் சிமென்ட் உறை. 3 அடி அகலம், 1 அடி உயரம் உள்ளதாக வாங்கி, அடியில் செங்கல் ஜல்லி கொட்டிப் பூசி, ஓரமாக ஒரு ஓட்டை விட்டால் முடிந்தது. சுற்றளவு ஒன்பதடிக்கு மேல் வரும், மூன்று புங்கனூர் சுற்றி நின்று தின்னலாம். விளிம்பை மட்டும் சிமென்டால் உருட்டி மழுக்கிவிடுங்கள். கன்றுக்குட்டி உள்ளே ஏறிப் படுத்துச் சாணி போடும். தொட்டிக்கு மேலே குறுக்காக ஒரு மூங்கில் கட்டினால் சரியாகிவிடும். நீல பீப்பாயை நெடுக்காக அறுத்துப் போடுவதும் நல்லதுதான், முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரிந்தால். பழைய டயர் வேண்டவே வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பி பிரிந்து வைக்கோலோடு வயிற்றுக்குள் போனால், இரைப்பையைக் குத்திக்கொண்டு நெஞ்சுவரை வந்துவிடும்.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் கூடாது. மூன்று மாட்டுக்கு மூன்று வாய் இடம் என்று கணக்குப் போட்டால், முரட்டு மாடு ஒன்று இரண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சாது மாடு தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு இடம் கூடுதலாக வையுங்கள். பெரிய மாட்டோடு சேர்த்துக் கட்டவே வேண்டாம்.

தீனி எவ்வளவு என்று கேட்கிறார்கள். 150 கிலோ மாட்டுக்குப் பசுந்தீவனம், வைக்கோல், தவிடு எல்லாம் சேர்த்து, ஈரம் போக நாளைக்கு மூன்றிலிருந்து நாலரை கிலோ. தொட்டி நிறைய வைக்கோலை அடைத்தால் மேலே இருப்பதைக் கிளறித் தின்றுவிட்டு மீதியை மிதிக்கும். அளவாக, இரண்டு மூன்று வேளையாகப் போடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிக்கு மேல் கூரை இல்லாவிட்டால் எல்லாம் வீண். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை "மாடுதானே" என்று போடாதீர்கள், அது விஷம். அடியில் தங்கும் கூளத்தைத் தினமும் காலையில் வழித்துவிட வேண்டும். திருவொற்றியூர், திருவான்மியூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துச் செதில் செதிலாகத் தீவனத்தில் விழும். உபயம் செய்கிறவர்கள் அங்கே சிமென்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் ஒன்று. இப்போது வைக்கோல் உருளைக் கட்டாக, பிளாஸ்டிக் கயிறு சுற்றி வருகிறது. கயிற்றை அறுத்ததும் கையோடு எடுத்துச் சுருட்டி ஆணியில் மாட்டுங்கள். போன வாரம் தொட்டிக்குள்ளிருந்து நான் முழநீளத்தில் நான்கு துண்டு எடுத்தேன். ஐந்தாவது துண்டின் ஒரு முனை மாட்டின் வாயில் இருந்தது.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை சாணி அள்ள வருகிற ஒருவன்