பாப்பாவுக்கு, சாம்பலாக விழுந்த பனி பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் ஆச்சியும் நலம். ஃபோனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். இந்தக் கவருக்குள் இன்னொரு சாமானும் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன், அதுவரை அதைத் தொடாதே, விரல் ரேகை பதிந்துவிடும்.

நீ அனுப்பிய 23 படத்தையும் பார்த்தேன். முதலில் அந்தப் பனிப் படம். "நேர்ல பாத்தப்ப கண்ணு கூசுச்சுப்பா, படத்துல அழுக்கு வேட்டி மாதிரி விழுந்திருக்கு, கேமராவுல கோளாறா?" என்று கேட்டிருந்தாய். கோளாறு இல்லை. ஸ்டாக்ஹோம் பனியை நான் பார்த்ததில்லை. ஆனால் வேட்டியைப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் வரிசையாக நாற்பது வேட்டி உட்கார்ந்திருக்கும். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் சொன்னபடி எடுத்தால் நாற்பதும் வெளுக்காத வேட்டியாகத்தான் விழும்.

மீட்டர் ஒரு குருட்டுக் கணக்குப்பிள்ளை. எதிரே இருப்பது பனியா, எருமையா என்று அவனுக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரி போட்டு நடுச் சாம்பலில் கொண்டுவந்து நிறுத்துவான். விழுகிற வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. இப்போது வரும் கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடிக்கின்றன என்றாலும் உள்ளே இருப்பது அதே கணக்குதான். ஆகவே வெள்ளையைக் காட்டினால் இருட்டாக்குவான், கறுப்பைக் காட்டினால் வெளுப்பாக்குவான். நம் கரிசல் காட்டை மழை பெய்த மறுநாள் எடுத்துப் பார், சிமெண்டு கொட்டினது போல இருக்கும். கேமராவில் பிளஸ்-மைனஸ் குறி போட்ட பட்டன் இருக்குமே, அது இதற்குத்தான். பனிக்கு பிளஸ் 1 வைத்துப் பார், போதாவிட்டால் ஒன்றரை, 2 வரைக்கும் போகலாம். கரிசலுக்கு மைனஸ்.

அந்தப் பட்டன் எல்லாம் எனக்குக் கிடையாது. 1986-ல் பழசாக வாங்கிய யாஷிகா மேட் 124ஜி ஃபிலிம் கேமராவில் மீட்டர் இருந்தது. ஆனால் அதற்கான பாதரச பேட்டரி கோவில்பட்டியில் கிடைக்காது. அதனால் கண்கணக்குதான்: பளீர் வெயில் என்றால் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸ் திறக்கும் வாய், 16 (எண் குறையக் குறைய வாய் பெரிசு); ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஃபிலிமின் வேக எண்ணில் ஒரு பங்கு. ஆர்வோ என்பி 22 ஃபிலிம் என்றால் 125-ல் ஒரு பங்கு. மேகம் மூடினால் 8, நிழலுக்குள் வந்தால் 5.6 அல்லது 4. இதை வைத்தே பல வருஷம் ஓட்டினேன். பிறகு கை மீட்டர் ஒன்று வந்தது. அதற்கு என் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வழி: முகத்தை அளக்காதே, உள்ளங்கையை அள. எடுக்கப்போகிற ஆள்மேல் விழும் அதே வெளிச்சத்தில் உன் உள்ளங்கையை விரித்துக் காட்டு, வந்த அளவைவிட ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்காகும்படி, கூடத் திற. உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு, அதனால் அந்தக் கணக்கு. ஆள் கறுப்போ சிவப்போ, உள்ளங்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. உன் கேமராவிலும் இது செல்லும், நான் செய்து பார்த்துவிட்டேன்.

ஒன்றே ஒன்றில்தான் உன் கேமரா என் பழக்கத்தைத் தலைகீழாக்கிவிட்டது. ஃபிலிமில் இருட்டில் தொலைந்தது தொலைந்ததுதான், வெள்ளை கொஞ்சம் கூடினாலும் பிரிண்டில் இழுத்துவிடலாம். டிஜிட்டலில் வெள்ளை வெந்துபோனால் திரும்ப வராது. இருட்டுக்குள்தான் ஏதாவது ஒளிந்திருக்கும். இது தெரியாமல் ஒரு கல்யாணத்தில் பட்டுவேட்டி ஜரிகை முழுக்க வெறும் வெள்ளையாக எடுத்துக் கொடுத்து, மாப்பிள்ளையின் மாமாவிடம் வாங்கிய பேச்சு இருக்கே, அதை எழுத வேண்டாம்.

அடுத்தது வீட்டு முன்பக்கத் தார்சாவில் ஆச்சியை எடுத்த படம். பொங்கலுக்கு வந்தபோது எடுத்தாயே, அது. நல்ல படம். ஆச்சி கேமராவைப் பார்க்காமல் உன்னைப் பார்க்கிறாள், அது எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் இடது கண் கூர்மையாக இருக்கிறது, வலது கண் கலங்கியிருக்கிறது, காதில் பாம்படம் இருப்பது தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். படத்தின் விவரத்தைப் பார்த்தேன். அப்பெர்ச்சர் 1.8, ஷட்டர் 200, வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று சொல்லும் ஐஎஸ்ஓ 200. ஒரு மீட்டர் தூரத்தில் 50 மில்லிமீட்டர் லென்ஸை 1.8-க்குத் திறந்தால் உன் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர்தான். இரண்டு விரல் அகலம். ஆச்சி முகத்தைக் கொஞ்சம் திருப்பியதும் ஒரு கண் அந்த இரண்டு விரலுக்கு வெளியே போய்விட்டது.

பின்னணி வெண்ணெய் மாதிரி கரைய வேண்டும் என்று இப்போது எல்லாருக்கும் ஆசை. கரையட்டும். ஆனால் தார்சாவின் மரத்தூணும் அம்மி கிடக்கும் மூலையும் ஆச்சியோடு அறுபது வருஷம் இருந்தவை, அவற்றை ஏன் கரைக்கிறாய்? 4 வைத்திருந்தால் இரண்டு கண்ணும் வந்திருக்கும், 8 வைத்திருந்தால் பாம்படமும் வந்திருக்கும். 1.8-லிருந்து 8-க்குப் போனால் உள்ளே வரும் வெளிச்சம் இருபதில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கடனை எங்கேயாவது அடைக்க வேண்டும். ஐஎஸ்ஓ-வை 4000-க்கு ஏற்று. இல்லாவிட்டால் ஆச்சி அசையாமல் உட்காருகிறவள், ஷட்டரை 100-க்கு இறக்கு, 2000 போதும். மணல் மணலாகப் புள்ளி விழுமே என்று பயப்படாதே. புள்ளி விழுந்த படத்தை யாரும் என் கடையில் திருப்பிக் கொடுத்ததில்லை. கண் கலங்கின படத்தைக் கொடுத்திருக்கிறார்கள். பேரன் ஓடுகிற படத்துக்கு இதே 100 ஆகாது. அவனுக்கு 500-க்குக் கீழே இறங்காதே.

பேரன் என்றதும் ஞாபகம். அவன் முகத்துக்குக் கிட்டே போய் எடுத்ததில் மூக்கு முருங்கைக்காயாகியிருக்கிறது. லென்ஸ்மேல் பழி போடாதே, தூரம்தான் காரணம். நாலைந்து அடி தள்ளி நின்று, 50 லென்ஸ் போட்டு எடு. உன் கேமராவில் படம் விழுகிற சென்சார் 35 மில்லிமீட்டர் ஃபிலிமைவிடச் சின்னது என்பதால் அந்த 50 உனக்கு 75 போல வேலை செய்யும். முகத்துக்கு அது போதும். எடுக்கும்போது முட்டி போட்டு உட்கார். நின்றபடி எடுத்தால் குழந்தை தலையாகத்தான் விழும்.

உன் படங்கள் பாதியில் தலைக்கு மேலே இன்னொரு மாடி கட்டலாம், அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. ஃபோகஸ் புள்ளி நடுவில் இருக்கிறது, அதை முகத்தில் வைத்து அப்படியே அமுக்கிவிடுகிறாய். புள்ளியை நகர்த்தக் கற்றுக்கொள். வெட்டினால் கையின் நடுவில், தொடையின் நடுவில் வெட்டு; மணிக்கட்டிலும் முழங்காலிலும் வெட்டினால் ஆள் ஊனமாகத் தெரிவார். சித்தி தலையில் கரண்ட் கம்பம் முளைத்திருக்கிறது, பார்த்தாயா? அமுக்குவதற்கு முன் ஆளை மறந்துவிட்டு நாலு ஓரத்தையும் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். படத்தை மூன்றாகப் பிரித்து ஆளை ஓரக் கோட்டில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பாகக் கோடு பற்றி நீயே படித்திருப்பாய். நல்லதுதான். ஆனால் யாஷிகாவின் படம் சதுரம், சதுரத்தில் நான் ஆளை நட்டநடுவில்தான் வைத்தேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அந்தக் கேமராவில் மேலே குனிந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். முதல் ஆறு மாதம் மாப்பிள்ளையை நகரச் சொல்லத் தெரியாமல் முழித்தேன். பிறகுதான் அதன் அருமை புரிந்தது. தெரிந்த முகம்கூடப் புரட்டிப் போட்டால் வெறும் இருட்டும் வெளிச்சமுமாகத் தெரியும், எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்று உடனே பிடிபடும். எடுத்த படத்தை மொபைலில் இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பார்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். உனக்கு அங்கே குளிர்காலச் சூரியன் ஏறவே ஏறாது, டிசம்பரில் மூன்று மணிக்கு முன்னாலேயே மறைந்துவிடுகிறது என்று அழுதாய். படம் பிடிக்கிறவனுக்கு அது வரம். நாள் முழுக்க வெயில் பக்கவாட்டிலிருந்து வருகிறது. இங்கே சித்திரை முதல் தேதியை ஒட்டி உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கண் இரண்டும் குழியாக, மூக்கு நிழல் மீசையாக விழும். அந்த நேரத்தில்தான் முகூர்த்தம் முடிந்து குரூப் போட்டோவுக்கு வருவார்கள்.

நிழலே ஆகாது நம் ஆட்களுக்கு. "அண்ணாச்சி, ஒரு பக்கம் இருட்டா இருக்கே" என்று எத்தனை பேர்! காலண்டர் சாமிப் படங்களை வரைந்த கொண்டையராஜு வாழ்ந்த ஊர் இது. வீட்டுக்கு வீடு அந்த லட்சுமியும் முருகனும்தான். லட்சுமி மூக்குக்கு அழுத்தமான நிழல் கிடையாது. தினம் கும்பிடுகிற முகம் போல்தானே தன் முகமும் விழ வேண்டும் என்று கேட்பார்கள்? நானும் இரண்டு பக்கமும் லைட் போட்டு அப்பளம் மாதிரி எடுத்துக் கொடுத்தேன். வயிற்றுப்பாடு. எனக்குப் பிடித்த படமெல்லாம் கடை வாசலில் எடுத்தவை. வடக்குப் பார்த்த வாசல், வெயில் பெரும்பாலும் உள்ளே வராது, வானத்து வெளிச்சம்தான் வரும். ஆளை வாசலுக்குப் பாதி திரும்பி உட்கார வைத்தால் நிழல் பக்கக் கன்னத்தில் முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் விழும். ரெம்ப்ராண்ட் என்ற ஓவியர் பெயரை அதற்குச் சொல்வார்கள். உன் அறை ஜன்னலில் இது அப்படியே கிடைக்கும்.

கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். இதை நான் கற்றது உயிரோடு இருந்த ஆளிடம் அல்ல. வேலை பழகின காலத்தில், ஒரு பெரியவர் இறந்த வீட்டுக்கு மாஸ்டரோடு போனேன். நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, தலை சாயாமல் பின்னால் துண்டு கட்டி எடுத்தோம். பிரிண்டில் மாஸ்டர் கண்ணைத் திறந்து வரைந்தார். விழி வந்தது, பார்வை வரவில்லை. மூன்று முடி பிரஷ்ஷால் வெள்ளை மையைத் தொட்டு, ஒவ்வொரு கண்ணிலும் கடுகில் பாதி அளவு ஒரு புள்ளி வைத்தார். எனக்கு முதுகு சிலிர்த்துவிட்டது. அந்த வீட்டம்மா படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார், புருஷன் முன்னால் நிற்பது போல.

கடைசியாக, சிநேகிதிகளோடு பனியில் நிற்கும் படம். "நான் மட்டும் கரிக்கட்டை மாதிரி விழுந்திருக்கேன்" என்று கீழே சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாய். நாலு வெள்ளைக்காரப் பிள்ளைகள், பின்னால் பனி, கணக்குப்பிள்ளை அத்தனை வெள்ளையையும் கூட்டிப் பார்த்து இருட்டாக்கியிருக்கிறான். அதில் அடிபட்டது நீ. அடுத்த தடவை வெளிச்சம் வருகிற பக்கம் ஓரமாக நீ நில், முகத்தை அந்தப் பக்கம் திருப்பு, உள்ளங்கையை வைத்து அளவெடுக்கச் சொல். மொபைலில் உன் முகத்தை மட்டும் வெளுப்பாக்கி இன்னொன்று அனுப்பியிருந்தாயே, அது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.

பெண் பார்க்க அனுப்பும் போட்டோவுக்கு "கொஞ்சம் சிவப்பா விழட்டும் அண்ணாச்சி" என்பார்கள். ஒரு ஸ்டாப் கூடத் திறந்து எடுப்பேன். பிறகு நெகட்டிவில் முகத்தின் மேல் கூர்மையான பென்சிலால் மெல்லக் கோடு போடுவேன். பென்சில் பட்ட இடத்தில் பிரிண்டுக்குப் போகிற வெளிச்சம் தடைபடும், தாளில் அந்த இடம் வெளுக்கும். 1999-ல் நீ நாலாவது படிக்கும்போது எடுத்த படம் ஹாலில் மாட்டியிருக்கிறதே, அதற்கும் போட்டேன். யாரும் கேட்கவில்லை. பழக்கத்தில் கை போய்விட்டது. பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல சிவப்பாத்தானப்பா இருந்தேன், வெயில்ல சுத்தித்தான் கறுத்துட்டேனா?" என்று கேட்டாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கவருக்குள் பட்டர் பேப்பரில் சுற்றியிருப்பது அந்த நெகட்டிவ். ஓரத்தை மட்டும் பிடித்து எடு. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் முகம் கறுப்பாகத் தெரியும், நெகட்டிவ் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் சாய்த்துப் பிடி. கன்னத்தில் பென்சில் மினுங்கும்.

அன்புடன்,
அப்பா