மார்கழி வேண்டாம், ஆடியில் வா

அன்புள்ள தம்பி,

கிறிஸ்மஸ் லீவுக்கு வர ரிக்கெற் பார்க்கிறாய் என்று மருமகள் போனில் சொன்னா. பிள்ளைகளுக்குக் கோணேசர் கோயிலும் காட்டி, திமிங்கிலமும் காட்டப் போகிறாயாம். நல்லது. ஆனால் காசைக் கட்ட முன்னம் இதை ஒருக்கால் முழுதாக வாசி. வருசப்பிறப்பு முடிந்த கையோடு நானும் உன் சித்தியும் திருகோணமலைக்குப் போய் வந்தோம். மார்கழியில் நீ வந்தால் கோயிலைப் பார்ப்பாய், கடலைப் பார்க்க மாட்டாய். கோயில் நிற்கிற மலையில் பாதி விசேஷம் கடல்தான்.

படத்தில் பார்த்தால் ஏதோ கரையில் இருக்கிற குன்று போலத்தான் தெரியும். நேரில் அப்படி இல்லை. நிலம் ஒரு மூக்கு மாதிரி கடலுக்குள் நீட்டி நிற்கிறது. வடக்கே ஒரு குடா, தெற்கே டச்சுக் குடா, மூக்கு நுனியில் சுவாமி மலை. கிழக்குப் பக்கம் 100 மீற்றருக்கு மேல் ஒரே செங்குத்து. கீழே கரை என்று ஒன்றும் கிடையாது, பாறை நேராகத் தண்ணிக்குள் போகிறது. வாடைக் காற்றுக் காலத்தில் வங்கக் கடலில் எழும்புகிற அலை முழுக்க அந்தப் பாறையில்தான் வந்து மோதும். முன்பொரு மார்கழியில் அப்பாவோடு போயிருக்கிறேன். குடை விரிக்க முடியாத காற்று, மழை. தெற்கே கொட்டியாரக் குடாவில் மாவலி ஆறு விழுகிறதல்லவா, வெள்ளத்தோடு வந்த மண்ணில் கடல் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது. கும்பிட்டுவிட்டு ஓடி வந்ததுதான் மிச்சம்.

சித்திரையிலிருந்து புரட்டாசி மட்டும் கதை வேறு. சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, மேற்கே தரைப் பக்கமிருந்து வருவதால் கிழக்குக் கடல் அடங்கிவிடும். இந்தமுறை கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். பாறை ஓரம் பச்சை, கொஞ்சம் தள்ளி நீலம், அதற்கப்பால் கறுப்பென்றே சொல்லலாம். அவ்வளவு கிட்டத்திலேயே ஆழம் தொடங்கிவிடுகிறது. கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடா வரைக்கும் வந்து ஏறுகிறது. துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வருவதும், நீலத் திமிங்கிலம் கரைக்குக் கிட்ட வருவதும் அந்த ஆழத்தால்தான். பங்குனி தொடங்கி ஆவணி மட்டும் திமிங்கிலக் காலம். மார்கழியில் படகுக்காரனே கடலில் இறங்க யோசிப்பான், நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாய்?

நாங்கள் நின்றபோது ஒரு கருடன் எங்களுக்குக் கீழே பறந்தது. கழுத்தை நிமிர்த்தியே பார்த்துப் பழகிய பறவையின் முதுகை நான் கண்டது அன்றுதான். செம்மண் நிறம், சிறகு நுனி மட்டும் கறுப்பு. சித்தி குனிந்து பார்த்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டா. கருடன் மேலே போனால் என்ன, கீழே போனால் என்ன என்று கேட்டேன். ‘பேசாமல் கும்பிடு’ என்றா.

போகிற வழியைச் சொல்கிறேன். கோயிலுக்குக் கோட்டைக்குள்ளால்தான் போக வேண்டும். இப்போதும் உள்ளே ஆமி இருக்கிறது, ஆனால் கோயிலுக்குப் போகிறவர்களை மறிப்பதில்லை. கோட்டை வாசலில் எல்லாரும் விறுவிறு என்று நடந்துவிடுவார்கள், நீ நில். சுவர்க் கல்லில் இரண்டு மீன் செதுக்கியிருக்கும். பக்கத்தில் உடைந்த தமிழ் எழுத்து. குளக்கோட்டன் என்ற பழைய அரசன் செய்த திருப்பணியைப் பின்னால் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று தொடங்குகிற பாட்டு அது. பாதி எழுத்து இல்லை. பறங்கி அதைத்தான் செய்தான். மலையிலிருந்த பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே 1624 அளவில் கோட்டையைக் கட்டினான். 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795 இல் ஆங்கிலேயர். பிரெட்ரிக் கோட்டை என்ற இப்போதைய பெயர் அதற்குப் பிறகு வைத்தது. மூத்தவள் சரித்திரம் படிக்கிறாள் என்றாயே, அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கச் சொல். எந்தத் தூண் எந்தச் சுவருக்குள் போய்க் கிடக்கிறதோ.

சின்னவனுக்கு மான். கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆடு மாதிரித் திரிகின்றன. ஒரு கிடாய் மான் சோற்றுப் பார்சல் சுற்றின லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது. பாதி வாய்க்குள், பாதி வெளியே. சித்தி இழுத்தெடுக்கப் போக, அது கொம்பைச் சரித்தது. ஆக்கள் சாமி கும்பிட வந்து இதைத்தான் செய்துவிட்டுப் போகிறார்கள். சின்னவனிடம் கையில் ஒன்றும் கொடுத்து விடாதே.

மேலே ஏறுகிற பாதையோரம் இராவணன் வெட்டு. மலையைப் பிளந்து வைத்த ஒடுக்கமான இடுக்கு, அடியில் கடல் நுரைத்துக்கொண்டு போய் வரும். தாய் கும்பிடுவதற்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போக இராவணன் வாளால் வெட்டினானாம். அந்தத் தாய் செத்த பிறகு கிரியை செய்ய உண்டானவைதான் கன்னியா வெந்நீரூற்று என்று கதை தொடரும். அங்கே ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. நீ எனக்காக மலையெல்லாம் வெட்ட வேண்டாம், ரிக்கெற்றின் மாதத்தை மாற்று, போதும்.

உச்சியில் ஓரத்து மரத்தில் சின்னச் சின்ன மரத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள், பிள்ளை வரம் கேட்டு. விரல் நீளம்தான் இருக்கும். உப்புக் காற்றில் சில வெளிறிப்போய், சில நேற்றுக் கட்டினது போல் மஞ்சள் துணியோடு. ஒரு பெண் தன் தொட்டிலைக் கட்டிவிட்டு முடிச்சை இரண்டு மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பக்கத்திலேயே ஒல்லாந்தர் எழுத்துப் பொறித்த பழைய தூண் ஒன்று, 1687 என்று வருசம் போட்டது. காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து ஒரு ஒல்லாந்தப் பெட்டை இங்கிருந்து குதித்தாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அவள் அதற்குப் பிறகும் இருந்து கல்யாணம் கட்டியிருக்கிறாள் என்று பழைய பதிவுகளைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

இப்போதிருக்கிற கோயில் பெரிதொன்றுமில்லை, அதைச் சொல்லிக் கூட்டி வா, இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். ஆனால் உள்ளே இருப்பவை வந்த விதம் பெரிது. 1950 இல் ஊருக்குள் கிணறு வெட்டும்போது புதைந்து கிடந்த விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956 இல் கடலுக்குள் படமெடுக்கிற மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடியில் மூழ்கிப் பார்த்தபோது பழைய கோயிலின் கற்கள் கிடந்தன. லிங்கமும் கடலுக்குள்ளிருந்து வந்தது. 1963 இல் கும்பாபிஷேகம் நடந்தது, ஊரிலிருந்து பஸ் பிடித்து அம்மம்மா போயிருக்கிறா. கம்பிவேலியில் நின்று கீழே பார்க்கிறபோது இதைச் சொல்லு. பச்சைத் தண்ணிக்கடியில் தூண் தெரிகிறதா என்று இரண்டு பேரும் தேடட்டும்.

ஆடியில் சரியான வெயில், அது உண்மை. செருப்பைக் கழற்றிவிட்டு மேலே கல்லில் கால் வைக்க ஏலாது. விடியவே போய்விட வேண்டும். கோயில் முடிந்து நிலாவெளிக்குப் போனால் புறாத்தீவுக்கும் ஆடியில் படகு ஓடும், பவளப்பாறையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கலாம். அப்படியே யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசாமி கோயிலுக்கும் நின்றுவிட்டுப் போகலாம். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடி, 25 நாள் திருவிழா. நீ கடைசியாகத் தேர் பார்த்து எவ்வளவு காலம்.

ஐந்து மாதம் முந்தியே பேரப்பிள்ளைகளைக் கண்ணால் காணலாம் என்பதும் இதற்குள் இருக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சோளகத்தையும் வாடையையும் நான் கண்டுபிடிக்கவில்லையே.

மருமகளிடம் கேட்டு, லீவு எடுக்கலாமா என்று வட்ஸ்அப்பில் சொல். நிலாவெளியில் சித்திக்குத் தெரிந்த இடமொன்று இருக்கிறது, சமைக்கவும் விடுவார்களாம், ஆனால் ஆடியில் கெதியாக நிரம்பிவிடும். சின்னவனின் கால் அளவையும் அனுப்பு. தண்ணிக்குள் போடுகிற செருப்பு அங்கே கரையில் விற்கிறார்கள், ரொறன்ரோவில் வாங்கிச் சுமந்துகொண்டு வராதே.

அன்புடன்,
அம்மா