அப்பா கரைக்கு வந்ததும் படிக்க

லெஸ்டர்,
9 மே 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நீங்கள் ஆழ்கடலில் இருப்பதாகவும், ஜூன் மாத மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முன் போட் திரும்பிவிடும் என்றும் அம்மா சொன்னார்கள். கடலில் இருப்பவரைப் போனில் பிடிக்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன். நீங்கள் கரையேறும்போது இது அம்மாவின் கையில் இருக்கும், படிப்பதற்கு இரண்டு மாத ஓய்வும் உங்களுக்கு இருக்கும். மார்ச்சில் பேசியபோது, “இரண்டாம் பிரிவில் ஆடுகிற உன் ஊர்க் கால்பந்து அணிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மான்செஸ்டர் பக்கத்தில்தானே இருக்கிறது?” என்று கேட்டுச் சிரித்தீர்கள். பதில் சொல்லத் தொடங்குவதற்குள் லைன் துண்டித்துவிட்டது. அந்தப் பதில்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சிறு திருத்தம். நீங்கள் உறையின் மேல் எழுதுவது போல இந்த ஊரின் பெயர் லைசெஸ்டர் அல்ல. பாதி எழுத்துகளை இவர்கள் எழுதுவதோடு சரி, வாயால் சொல்வதில்லை. லெஸ்டர் என்று சொன்னால் போதும். நான் வந்து இறங்கிய 2023 ஜனவரியில், ஏழு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊர் அணி இங்கிலாந்தின் முதல் பிரிவுக் கோப்பையை வென்ற கதையைச் சொல்லாதவர்களே இல்லை. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் இவர்களுக்கு ஒன்றுக்கு ஐயாயிரம் என்று விலை வைத்திருந்தார்களாம். ஆனால் நான் வந்த நான்கே மாதங்களில் என் கண் முன்னால் நடந்தது வீழ்ச்சிதான்.

மே 28 அன்று, நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் கூடத்தில், கடைசி நாள் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். லெஸ்டர் வெஸ்ட் ஹாமை 2-1 என்று வென்றது. ஆனால் அதே நேரத்தில் லிவர்பூல் நகரில் எவர்டன் போர்ன்மவுத்தை 1-0 என்று வென்றுவிட்டதால், 20 அணிகளில் கடைசி மூன்று கீழே போக வேண்டும் என்ற விதிப்படி, 34 புள்ளிகளோடு 18-ஆம் இடத்தில் நின்ற லெஸ்டர் இறங்கியது. எவர்டனுக்கு இருந்தது 36 புள்ளி. வென்ற நாளிலேயே விழுவது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எங்கள் இல்லத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர், ஒரு காலத்தில் இந்த ஊரின் பின்னலாடை ஆலையில் வேலை பார்த்தவர், எதுவும் பேசாமல் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரவு உணவு வரை அதை மாட்டவில்லை.

அவரிடமிருந்துதான் இந்த அணியின் பழைய வரலாற்றைக் கேட்டறிந்தேன். 1963-இலும் 1969-இலும், பல பிரிவு அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டத்துக்காக லண்டனின் வெம்பிளி அரங்குக்குப் போய், இரண்டு முறையும் தோல்வியோடு ரயிலேறித் திரும்பியவர் அவர். 1969-இல் கோப்பையும் போய், அதே பருவத்தில் அணி இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியதாம். 2008-இல் மூன்றாம் பிரிவு வரைக்கும் போய், ஒரே ஆண்டில் திரும்பி ஏறினார்கள். கடைசியில் 2021-இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றபோது, தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளால் அரங்கம் முக்கால் பங்கு காலியாக இருக்க, அவர் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். நம் நாட்டு ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டியில் கடைசி இடத்தில் முடித்தாலும் அடுத்த ஆண்டு அதே பிரிவில் ஆடலாம் என்று நான் சொன்னபோது, அவர் நம்ப மறுத்து, மறுபடியும் ஒரு முறை சொல்லச் சொன்னார்.

இறங்குவதென்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் ஆட்கள் போனார்கள். நடுக்கள வீரர் மேடிசனை ஏறக்குறைய நான்கு கோடி பவுண்டுக்கு டாட்டனம் வாங்கியது, ஹார்வி பார்ன்ஸ் நியூகாசிலுக்குப் போனார், 2021 இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்த டீலமன்ஸ் ஒப்பந்தம் முடிந்து ஒரு காசும் வாங்கித் தராமல் விடைபெற்றார். தொலைக்காட்சிப் பணம் குறைந்தது. கீழே விழும் கிளப்கள் ஒரேயடியாக நொறுங்கிவிடக் கூடாது என்று சில ஆண்டுகளுக்கு ஒரு பங்கு கொடுக்கிறார்கள், அதற்குப் ‘பாராசூட்’ பணம் என்று பெயர். நிற்பவர்களின் பட்டியல் சிறியதாக இருந்தாலும் அதில் ஜேமி வார்டி இருந்தார். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறிய கிளப்களில் ஆடி, 25 வயதில் இங்கே வந்து, 2016 வெற்றியில் முன்னால் நின்ற அதே மனிதர், இந்தப் பருவத்தின் நடுவில் 37 வயதைக் கடந்தார்.

புதிய பயிற்சியாளராக மான்செஸ்டர் சிட்டியில் தலைமைப் பயிற்சியாளர் குவார்டியோலாவின் உதவியாளராக இருந்த இத்தாலியர் என்ஸோ மரெஸ்கா வந்தார். இரண்டாம் பிரிவுக்கு இங்கே சாம்பியன்ஷிப் என்று பெயர். (முதல் பிரிவு அல்லாத ஒன்றுக்கு அப்படி ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன், பெரியவர் தோளைக் குலுக்கினார்.) அதில் 24 அணிகள், ஒவ்வொன்றும் 46 ஆட்டம். மேலே 38 மட்டும்தான். சனிக்கிழமை ஆடிவிட்டுச் செவ்வாயன்று மறுபடியும் பேருந்தில் ஏறுகிறார்கள். இன்னொரு விசித்திரம், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக் கூடாது என்பது பழைய விதி. வீட்டில் உட்கார்ந்துவிட்டால் சிறிய கிளப்களின் மைதானங்களுக்கு யாரும் போக மாட்டார்கள் என்பது அதற்குக் காரணம். அதனால் பாதிப் பருவம் எங்களுக்கு வானொலியில்தான் ஓடியது. துவைத்த விரிப்புகளை நான் மடிக்க, பெரியவர் காதருகே வானொலியை வைத்துக்கொண்டு, எனக்கு முன்பே கோலை அறிந்துகொண்டு அதைச் சொல்லாமல் இருப்பார்.

முதல் ஆட்டம் பக்கத்து ஊரான கோவென்ட்ரியுடன், ஆகஸ்ட் 6. ஒரு கோல் பின்தங்கியிருந்து, உள்ளூர்ப் பையன் கீர்னன் டியூஸ்பரி-ஹால் கடைசிக் கால் மணி நேரத்தில் இரண்டு கோல் அடித்து வென்றார்கள். அதன் பிறகு வந்த வெற்றிகளைச் சொல்லி மாளாது. முதல் 14 ஆட்டங்களில் 13 வெற்றி, ஹல் அணியிடம் மட்டும் ஒரு தோல்வி. இந்த ஊர் அக்டோபரில் கொண்டாடியிருக்க வேண்டும் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். ஆனால் பேருந்து நிறுத்தத்திலும், பெல்கிரேவ் சாலையில் தீபாவளி விளக்குகளின் கீழும், எங்கள் கூடத்திலும் நான் கேட்டதெல்லாம் முணுமுணுப்புதான். வெல்வது கடமையாகிவிட்ட இடத்தில் வெற்றிக்கு யாரும் கைதட்டுவதில்லை, தோற்றால் மட்டும்தான் அது செய்தியாகிறது.

முணுமுணுப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது உங்களுக்கு நன்றாகப் புரியும். மரெஸ்காவின் ஆட்டத்தில், டென்மார்க்கிலிருந்து வந்த கோல்கீப்பர் ஹெர்மன்சென் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, எதிராளி அருகில் வரட்டும் என்று காத்து நிற்பார். வலது ஓரத்தைக் காக்கும் பேக் ரிக்கார்டோ பெரேரா பந்து தங்களிடம் இருக்கும்போது ஓரத்தை விட்டு நடுக்களத்துக்குள் வந்துவிடுவார். நாற்பது வருடம் லெஃப்ட் பேக்காக நின்று, ஆபத்து என்றால் பந்தைத் தென்னைக்கு மேலே தூக்கி அடித்த உங்களுக்கு இதைப் பார்த்தால் நெஞ்சு வலிதான் வரும். இங்குள்ளவர்களுக்கும் அப்படித்தான். ஜனவரியில் ஒரு வெற்றிக்குப் பின்னாலேயே அரங்கில் எழுந்த சலசலப்பைக் கேட்டு, இந்த முறையில் சந்தேகம் வந்தால் மறுநாளே போய்விடுவேன் என்ற பொருளில் மரெஸ்கா பேசினார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, ஆனால் அவர் முறை தவறு என்றும் எனக்குத் தோன்றவில்லை. பொறுமையாகப் பந்தை நகர்த்தி, எதிரணி அலுத்துப் போகும் நேரத்தில் டக்கென்று உள்ளே நுழைவது, நம் ஆட்கள் கரையில் நின்று கரமடி வலை இழுப்பது போல, கடைசி இழுப்பு வரைக்கும் எதுவும் நடக்காதது போலவே இருக்கும்.

பிறகு அந்த இழுப்பும் தளர்ந்தது. பிப்ரவரி 17 முதல் ஏப்ரல் 12 வரை ஆடிய 10 லீக் ஆட்டங்களில் 6 தோல்வி. லீட்ஸ் ஊரில், 80-ஆம் நிமிடம் வரை 1-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 3-1 என்று தோற்ற இரவில், பெரியவர் 1969-ஐ மூன்று முறை சொன்னார். நடுவில் மார்ச் 21 அன்று இன்னொரு இடி: மூன்றாண்டு நட்டத்துக்கு வைத்திருக்கும் வரம்பை மீறியதாக, முதல் பிரிவை நடத்தும் பிரீமியர் லீக் நம் கிளப்பின் மீது குற்றம் சாட்டியது. கிளப் அதை எதிர்த்து வாதாடுகிறது. ஆனால் விழுந்த ஆண்டின் கணக்கில் மட்டும் ஏறக்குறைய ஒன்பது கோடி பவுண்டு நட்டம் என்று அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். கடன் வாங்கி போட் கட்டியவனுக்குக் கடல் ஏமாற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலே ஏறியே தீர வேண்டும் என்ற பயம் அதனால்தான் இந்த ஊரை அப்படிப் பிடித்திருந்தது.

நான் அரங்கத்துக்குப் போனது ஒரே ஒரு முறை, ஏப்ரல் 23, செவ்வாய். என்னோடு வேலை செய்யும் திருவனந்தபுரத்துச் சேச்சியின் கணவருக்கு இரவுப் பணி வந்துவிட, அவருடைய இருக்கை எனக்குக் கிடைத்தது. நம் ஊரில் ஆட்டம் நடக்கும்போது நாங்கள் பெண் பிள்ளைகள் சுவருக்கு அப்பால் நின்று சத்தத்தை வைத்துத்தான் கோலைக் கணக்கிடுவோம் என்பது நினைவிருக்கிறதா? இங்கே கோட்டிலிருந்து பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அணிகள் உள்ளே வரும் முன், நரி வேட்டையை நினைவூட்டும் கொம்பின் இசை ஒலித்தது. இந்த வட்டாரம் அதற்குப் பேர் போனது, அணியின் சின்னமும் நரிதான். எதிரே சவுத்தாம்ப்டன், லெஸ்டரோடு கடந்த ஆண்டு சேர்ந்து விழுந்த அணி. கானாவிலிருந்து வந்து லிஸ்பன் கிளப்பிலிருந்து இரவலாக ஆடும் இருபது வயதுப் பையன் ஃபத்தாவு மூன்று கோல் அடித்தான், என்டிடியும் வார்டியும் ஆளுக்கொன்று. 5-0. அப்பா, அந்தப் பையன் இடது காலைத் தயார் செய்வது எல்லோருக்கும் தெரிந்தும் தடுக்க முடியாமல் நின்ற பேக்கைப் பார்த்து எனக்கு இரக்கம்தான் வந்தது, அது நீங்கள் வளர்த்த கெட்ட பழக்கம்.

மூன்று நாள் கழித்து, வெள்ளிக்கிழமை இரவு, லீட்ஸ் லண்டனில் 4-0 என்று தோற்றதால், ஆடாமலேயே லெஸ்டர் மேலே ஏறியது. விழுந்தபோதும் ஏறியபோதும் முடிவு வேறொரு ஊர் மைதானத்திலிருந்துதான் வந்தது. திங்களன்று பிரெஸ்டனில் 3-0 வென்று பட்டத்தையும் எடுத்தார்கள், அதில் இரண்டு கோல் வார்டியுடையது. மொத்தம் 97 புள்ளி, இப்ஸ்விச்சுக்கு 96. கோப்பையைக் கையில் வாங்கிய கடைசி ஆட்டத்தில் பிளாக்பர்னிடம் 2-0 என்று தோற்றார்கள், அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கீழே வந்த மற்ற இரண்டு அணிகளான லீட்ஸும் சவுத்தாம்ப்டனும் மூன்றாவது, நான்காவது இடங்களில் நின்று, மீதமிருக்கும் ஒரே இடத்துக்காக இனிமேல்தான் ஆட வேண்டும்.

இந்த வாரம் திறந்த பேருந்தில் ஊர்வலம் நடந்தது. பெரியவர் வரவில்லை, ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லிச் சத்தத்தை மட்டும் கேட்டார். பிறகு உங்களைப் பற்றி விசாரித்தார். லெஃப்ட் பேக் என்றேன், வலது காலாலும் அடிப்பாரா என்றார், மாட்டார் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நீலக் கம்பளி மப்ளர் ஒன்றை உங்களுக்கென்று கொடுத்திருக்கிறார். நம் ஊர் வெயிலில் அதை என்ன செய்வது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சேச்சி ஜூலையில் ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன், அம்மாவுக்கான மருந்தும் அதோடு வரும். தடைக்காலம் முடிந்து நீங்கள் ஆகஸ்டில் கடலுக்குப் புறப்படும் நாட்களில்தான் இங்கே அடுத்த பருவமும் தொடங்குகிறது. புறப்படுவதற்கு முந்திய இரவு மறக்காமல் என்னை அழையுங்கள்.

உங்கள் அன்பு மகள்