முரோதோ சாலைப் பாட்டிக்கு

அன்புள்ள பாட்டிக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. ஜப்பானின் ஷிக்கோக்கு தீவில், முரோதோ முனைக்குப் போகும் 55-ஆம் எண் சாலையில், கொட்டுகிற மழையில் வெள்ளைக் குட்டி லாரியை நிறுத்தி இறங்கி வந்தீர்களே, அந்தப் பாட்டிக்குத்தான் இந்தக் கடிதம். தொப்பலாக நனைந்து நின்ற இந்தியன் நான்.

உங்கள் தீவைச் சுற்றி நடக்கும் பாதயாத்திரைக்கு வந்திருந்தேன்: 88 புத்தக் கோயில்கள், சுமார் 1,200 கிலோமீட்டர். 23-ஆம் கோயிலிலிருந்து 24-ஆம் கோயிலுக்கு மட்டும் ஏறக்குறைய 75 கிலோமீட்டர் என்று வீட்டில் உட்கார்ந்து படித்தபோது ஒன்றும் உறைக்கவில்லை. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை, நடுவே முடியாத தார்ச்சாலை. இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் உடைந்துவிட்டது.

நீங்கள் இரண்டு கமலா ஆரஞ்சு தந்தீர்கள். வாங்கிக்கொண்டேன். அப்புறம் டிஷ்யூ காகிதத்தில் மடித்த எதையோ என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினீர்கள். பிரித்தால் 500 யென் காசு. 'ஐயோ, வேண்டாம்' என்று திருப்பி நீட்டினேன். 'ஒசெத்தாய், ஒசெத்தாய்' என்றீர்கள். நானோ குனிந்து குனிந்து மறுத்தேன். ரொம்ப மரியாதையாக நடந்துகொள்கிறோம் என்ற நினைப்பு வேறு. உங்கள் முகம் லேசாக வாடியது. காசை எடுத்துக்கொண்டு, என் கைத்தடியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியேறிவிட்டீர்கள்.

தடிக்கு எதற்குக் கும்பிடு என்று அப்போது விளங்கவில்லை. அன்றிரவு தங்கிய விடுதிக்கார அம்மா, என்னை உள்ளே கூப்பிடும் முன் அந்தத் தடியின் அடியைத்தான் கழுவினார். இந்த வழியில் யாரும் தனியாக நடப்பதில்லையாம். இந்த யாத்திரைக்கு மூலவரான அந்தக்காலப் புத்தத் துறவி கோபோ தாய்ஷி கூடவே வருகிறார், தடிதான் அவர். வழியில் கொடுப்பதெல்லாம் அவருக்குக் கொடுப்பது, அதற்குத்தான் 'ஒசெத்தாய்' என்று பெயர். நடக்கிறவன் வாங்கிக்கொள்ள வேண்டும், மறுக்கக் கூடாது. பதிலுக்குத் தன் பெயர் எழுதிய சீட்டு ஒன்றைத் தர வேண்டும். முதல் கோயிலில் வாங்கிய வெள்ளைச் சீட்டுக் கட்டு என் பையிலேயே இருந்தது, பாட்டி. கோயில் பெட்டியில் போட மட்டும்தான் அது என்று நினைத்திருந்தேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், எனக்கு இது தெரியாத விஷயமே இல்லை. என் ஊர் ஒட்டன்சத்திரம், பழனிக்குப் பாதயாத்திரை போகிற வழி. தைப்பூசச் சமயத்தில் அம்மா விடிய விடியச் சுக்குக் காபியோடு வாசலில் நிற்பாள். யாராவது 'வேண்டாம்மா' என்று நகர்ந்தால் விடமாட்டாள். "உனக்கா கொடுக்குறேன்? முருகனுக்குய்யா, குடி!" என்று அதட்டுவாள். சாமி பெயர் மாறியதும் எனக்குப் புத்தி மங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அதன்பிறகு எதையும் மறுக்கவில்லை. ரொட்டி, சூடான டீ கேன், ஒருவர் கொடுத்த ஒரு ஜோடி காலுறை எல்லாவற்றையும் வாங்கி, ஆளுக்கொரு சீட்டு கொடுத்தேன். வெள்ளைச் சீட்டு என்றால் புது ஆள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்; ஐந்தாம் சுற்றுக்குத்தான் பச்சை. சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல சிரிப்புதான்.

உங்களுக்குச் சேர வேண்டிய சீட்டை 24-ஆம் கோயிலில் தாய்ஷி மண்டபப் பெட்டியில் போட்டேன். வேண்டுதல் எழுதும் இடத்தில் 'ஆரஞ்சு கொடுத்த பாட்டிக்கு' என்று தமிழில் எழுதினேன். தாய்ஷி சீனாவுக்குப் போய் சமஸ்கிருதம் படித்தவர். தமிழையும் எழுத்துக்கூட்டிப் படித்து உங்களிடம் சொல்லியிருப்பார்.

இப்படிக்கு,
அந்த நனைந்த இந்தியன்