வீட்டோ போனால் ஐரோப்பா ஒன்றாகிவிடுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தைப் பற்றிய உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதித்தால்தான் அங்கே எதுவும் நகரும், ஒரே ஒரு நாடு முடியாது என்றால் எல்லாம் அப்படியே நின்றுவிடும், ஆகவே அந்த வீட்டோவை ஒழித்துவிட்டால் உலக விவகாரங்களில் ஐரோப்பா ஒரே குரலில் பேசும் என்று முடித்திருந்தீர்கள். முதல் பாதி சரி. கடைசியில் சொன்னதோடுதான் எனக்கு வழக்கு.

வீட்டோவால் காரியம் கெட்டதை யாரும் மறுக்க முடியாது. 2020 ஆகஸ்டில் அதிபர் லுகஷென்கோ தேர்தலில் தானே ஜெயித்ததாக அறிவித்துவிட்டு, பெலாரஸில் தெருவுக்கு வந்தவர்களை அடித்து நொறுக்கியபோது அவருடைய ஆட்கள் மீது தடை போட மற்ற எல்லாரும் தயார். சைப்ரஸ் மட்டும், எங்கள் கடலில் துருக்கி எரிவாயு தேடுகிறதே, முதலில் அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று உட்கார்ந்துகொண்டது. அக்டோபர் வரை இழுத்தது. அப்புறம் ஹங்கேரி. உக்ரைனுக்கு ஆயுதம் கொடுத்த நாடுகளுக்குப் பொது நிதியிலிருந்து திருப்பித் தர வேண்டிய சுமார் 660 கோடி யூரோவை ஓர்பான் அரசு வருடக்கணக்கில் முடக்கி வைத்தது. இதெல்லாம் நீங்கள் எழுதியதற்குச் சாதகமான சாட்சிதான்.

ஆனால் வீட்டோவே இல்லாத இடத்தில் இவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒருமுறை பாருங்கள். 2023 அக்டோபர் 26 அன்று ஐரோப்பியத் தலைவர்கள் பிரஸ்ஸல்ஸில் பல மணி நேரம் மல்லுக்கட்டி காசா பற்றி ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். மறுநாளே ஐ.நா. பொதுச்சபையில் மனிதாபிமானப் போர்நிறுத்தம் கேட்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. பிரான்ஸ், ஸ்பெயின், அயர்லாந்து, பெல்ஜியம் உள்பட 8 நாடுகள் ஆதரவு. ஆஸ்திரியா, குரோஷியா, செக், ஹங்கேரி ஆகிய 4 எதிர்ப்பு. ஜெர்மனி, இத்தாலி உள்பட மீதி 15 நாடுகள் யாருக்கும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. பொதுச்சபையில் யாரும் யாரையும் தடுக்க முடியாது, அவரவர் மனதில் இருந்தது அப்படியே பலகையில் வந்தது, அவ்வளவுதான்.

இன்னொன்று, இது உங்கள் வாதத்துக்கு நேரடியாகவே இடிக்கிறது. இஸ்ரேலோடு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. இஸ்ரேலின் மிகப் பெரிய வர்த்தகக் கூட்டாளியே இவர்கள்தான். மனித உரிமையை மதிப்பது அந்த ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அது மீறப்பட்டிருப்பதற்கான அறிகுறிகள் தெரிகின்றன என்று 2025 ஜூனில் ஒன்றியத்தின் சொந்த ஆய்வே சொன்னது. ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் கூடினார்கள். வெளியுறவுப் பிரதிநிதி காயா கல்லாஸ் என்ன செய்யலாம் என்று 10 வழிகளை எழுதி மேசையில் வைத்தார். ஒன்றைக்கூட எடுக்காமல் எழுந்து போனார்கள். செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் வர்த்தகச் சலுகைகளை நிறுத்திவைக்கலாம் என்று முறைப்படி முன்மொழிந்தது. கவனியுங்கள், இதற்கு ஒருமனது தேவையே இல்லை. 15 நாடுகள், அவற்றின் மக்கள்தொகை மொத்தத்தில் 65 சதவீதம், இவ்வளவு இருந்தால் போதும். அதுவும் சேரவில்லை. 45 கோடி மக்களில் ஜெர்மனியும் இத்தாலியும் மட்டுமே ஏறக்குறைய 14 கோடி. அவர்கள் இருவரோடு இன்னும் இரண்டு மூன்று நாடுகளும் நகராமல் இருந்தால் அந்த 65 சதவீதம் தேறாது. இங்கே யார் மீது பழி போடுவது? ஓர்பான் மீதா?

இதற்கு நேர்மாறாக ரஷ்யச் சொத்து விஷயத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் முடக்கப்பட்ட ரஷ்ய மத்திய வங்கிப் பணம் சுமார் 21,000 கோடி யூரோ, பெரும்பகுதி பெல்ஜியத்தில் கிடக்கிறது. அந்த முடக்கத்தை 6 மாதத்துக்கு ஒருமுறை ஒருமனதாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் ஹங்கேரி என்ன சொல்லுமோ என்று பயந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் பொருளாதார நெருக்கடிக்கென்று ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பிரிவைத் தோண்டி எடுத்து, பெரும்பான்மை வாக்கிலேயே காலவரையின்றி முடக்கிவிட்டார்கள். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் எதிர்த்தன, ஒன்றும் ஆகவில்லை. அதற்கு 2 வருடம் முன்னால், உக்ரைனைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு தொடங்கும் முடிவின்போது ஓர்பான் அறையை விட்டு வெளியே போய்விட, மற்ற 26 பேரும் அவர் இல்லாமலேயே ‘ஒருமனதாக’ முடிவெடுத்தார்கள். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பது பிரஸ்ஸல்ஸுக்கும் தெரியும்.

என் சந்தேகம் இதுதான்: பெரிய நாடுகளுக்கு வீட்டோ ஒரு வசதியான திரை. சின்ன நாடு ஒன்று முன்னால் நின்று மறுத்துக்கொண்டிருக்கும் வரை, தங்களுக்கும் விருப்பமில்லை என்று இவர்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்துக்குள் போகும்போது வாசலில் மைக்கை நீட்டுபவர்களிடம் ஒவ்வொரு அமைச்சரும் ‘கடுமையான நடவடிக்கை’ என்று முழங்குவது அந்தத் தைரியத்தில்தான் என்று நினைக்கிறேன். வீட்டோப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்ததும் சின்ன நாடு இல்லை, 1965இல் பெரும்பான்மை வாக்குமுறை வேண்டாம் என்று பிரஸ்ஸல்ஸ் கூட்டங்களுக்கு ஆளே அனுப்பாமல் அடம்பிடித்த அதிபர் டிகாலின் பிரான்ஸ்.

தமிழர்களான நமக்கு இது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை. 2006 மே மாதம் அப்போதைய 25 நாடுகளும் ஒருமனதாகவே விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தன. இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் இருந்தவர்களில் சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் ஒன்றியத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இனி இருக்கக்கூடாது என்று புலிகள் சொல்ல, அவர்கள் கிளம்பினார்கள். நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. போர் மறுபடி மூண்டுகொண்டிருந்த நேரத்தில் கண்காணிக்க ஆள் குறைந்துபோனது.

2009 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனின் மிலிபாண்ட், பிரான்ஸின் குஷ்நேர், சுவீடனின் கார்ல் பில்ட் என மூன்று அமைச்சர்கள் கொழும்புக்குப் போவதாக இருந்தது. பில்டுக்கு இலங்கை அரசு அனுமதி தரவில்லை. மற்ற இருவரும் என்ன செய்தார்கள்? பில்டை விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். வவுனியா முகாமைப் பார்த்தார்கள், போரை நிறுத்தச் சொன்னார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். அடுத்த இரண்டு மாதத்தில் ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்க இருந்த நாட்டின் அமைச்சரையே கழற்றிவிட்டு இரண்டு பேர் போகிறார்கள் என்றால் கொழும்பு அதை எப்படிப் படித்திருக்கும்? அதில் எந்த வீட்டோ குறுக்கே நின்றது? மே 18 அன்று, எல்லாம் முடிந்த பிறகு, சுதந்திரமான விசாரணை வேண்டும் என்று பிரஸ்ஸல்ஸில் அறிக்கை விட்டார்கள். அந்த மாதக் கடைசியில் ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை கொண்டுவந்த தீர்மானமே 29க்கு 12 என்று ஜெயித்தது. இந்தியாவும் அந்த 29இல் ஒன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டோவை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் மால்டா, சைப்ரஸ் போன்றவர்கள் எதை நம்பிப் பேசுவார்கள் என்ற கேள்வியையாவது உங்கள் தலையங்கம் தொட்டிருக்கலாம். மற்றபடி ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘ஐரோப்பா கண்டனம்’, ‘ஐரோப்பா கவலை’ என்று நாலு வரிச் செய்தி போடும்போது, எந்த நாடு எதற்கு மறுத்தது, எது ஒதுங்கிக்கொண்டது என்பதையும் ஐந்தாவது வரியாகச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
தஞ்சாவூர்