தேக்குச் சாப்பாட்டு மேசை: பூச்சுக் குறையும் தவறான பழுதுபார்ப்பும்

அனுப்புநர்: வாடிக்கையாளர், செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆறு பேர் அமரும் தேக்கு மேசையை முறையாகச் சரிசெய்து தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

உங்களிடம் வாங்கிய மேசையின் பலகை நடுவில் குழிந்து, ஓரங்கள் கறுத்து, மேற்பூச்சு வெளுத்துக் கிடக்கிறது. "தண்ணீர் பட்டதால் வந்த சேதம், உத்தரவாதத்தில் சேராது" என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் படாமல் இருக்குமா? இலையில் தண்ணீர் தெளிப்போம், செம்பு வியர்க்கும், ரசம் சிந்தும். அதைத் தாங்கத்தானே பூச்சு?

பலகையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பூச்சே படாத வெறும் மரம், மரத்துளைகளை அடைக்கும் சீலர் என்ற அடிப்பூச்சு ஒரு கோட்கூட இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் காற்று வீசும் மாதங்களில் அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிகிறது, பூச்சுள்ள மேல்பக்கம் அந்த அளவுக்கு விரிவதில்லை. அதனால்தான் இரு ஓரங்களும் தூக்கி நடு குழிந்திருக்கிறது. மேலே சிந்திய தண்ணீர்தான் காரணமென்றால், அந்த ஈர நாட்களில் மேல்பக்கம் உப்பி நடு மேடாகியிருக்க வேண்டும். பலகையைச் சட்டத்தோடு அசையவிடாமல் ஸ்குரூ போட்டு இறுக்கியதும் தவறு. மரம் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். அதற்கு இடம் கொடுக்காததால் பலகைத் துண்டுகளைச் சேர்த்த ஒட்டு ஒன்று வாய் பிளந்திருக்கிறது.

ஓரக் கறுப்பு வெறும் அழுக்கு அல்ல. சாதா இரும்பு ஸ்குரூ ஈரத்தில் துருப்பிடித்து, தேக்கிலுள்ள துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து உண்டாக்கிய கறை அது. பலகையின் வெட்டுமுனையில் பூச்சு மெலிந்திருப்பதால் அங்கே ஈரம் வேகமாக ஏறியிருக்கிறது.

இதைவிட வருத்தம் தருவது நீங்கள் அனுப்பிய ஆள் செய்த வேலை. சாரல் நாளில், ஈரம் காயாத பலகையில், பழைய பூச்சின் மீதே என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடித்தார். பூச்சை இளக்கக் கலக்கும் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பால் போல வெளுக்கும் என்பது பாலிஷ் பட்டறையில் எல்லோரும் அறிந்ததே. மெதுவாக ஆவியாகி இதைத் தடுக்கும் ரிடார்டர் தின்னர்கூடக் கலக்கவில்லை. உள்ளிருந்த ஈரத்துக்கும் மேல்பக்கமாக வெளியேற வழியில்லாமல் போயிற்று.

ஆகவே மறுபடி இங்கே வந்து மேலே பூசுவதை ஏற்கமாட்டோம். பலகையைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். பூச்சு முழுவதையும் உரித்தபின், இருபுறமும் காற்றோடும்படி இடைக்கட்டை வைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். ஈரமானியில் 12 சதவீதத்துக்குள் வந்து, மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டிய பிறகே அடுத்த வேலை. பிளந்த ஒட்டைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, நீர் தாங்கும் டி3 தரப் பசையால் ஒட்டுங்கள். பிளவில் பட்டி அடைத்து மறைப்பது வேண்டாம், அடுத்த சாரலில் உதிர்ந்துவிடும்.

கறைக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து, கறையில் மட்டும் தடவாமல் பலகை முழுவதும் பூச வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். இரும்புப் பாத்திரமும் இரும்பு நாரும் கிட்டவே வரக்கூடாது. நன்றாகக் கழுவி, சோடா உப்புக் கரைசலால் துடைத்து, மீண்டும் உலர்த்துங்கள். அமிலத் தூள் மூச்சில் ஏறினால் தொல்லை, வேலை செய்பவருக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள். பிறகு 120, 180, 220 எண் உப்புத்தாள்.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைக்காவிட்டால் பூச்சு நாளடைவில் உரியக்கூடும். இரண்டு பாகம் கலக்கும் பி.யு. (பாலியூரிதேன்) பூச்சே இங்கே ஏற்றது. அரக்கு பாலிஷ் அழகுதான், ஆனால் ஈரமும் சூடும் படும் மேசைக்கு ஆகாது. இரண்டு கோட் சீலர், 320 எண் தாளால் தேய்ப்பு, இரண்டு கோட் மேற்பூச்சு. அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கை, வெட்டுமுனைகளுக்குக் கூடுதலாக ஒரு கோட் சீலர். கால்களின் அடியிலும் பூசி நைலான் குமிழ் வைத்தால் தரை துடைக்கும் தண்ணீர் மேலே ஏறாது. பலகையை மாட்டும்போது, அது விரிந்து சுருங்க இடம் தரும் நீள்துளையும் வாஷரும், துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூவும் போடுங்கள்.

போக்குவரத்து உட்பட எல்லாச் செலவும் உங்களுடையது. முடியாதென்றால் அடிப்பக்கமும் பூசிய மாற்றுப் பலகை தாருங்கள், அல்லது பணத்தைத் திருப்புங்கள். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். உங்கள் பட்டறை கேரளத்தில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்துக்குரிய ஆணையத்திலேயே முறையிடலாம். பதில் வராவிட்டால் அதைச் செய்வோம்.

இணைப்பு: ரசீது நகல், உத்தரவாத அட்டை நகல், அடிப்பக்கத்தின் படங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்