ஞாயிற்றுக்கிழமையில ஒரு ஆய்வுகூடம் திறந்து விடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் இருக்கிறது விசுவமடு, கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஆடைத் தொழிற்சாலையில மெசினில வேலை செய்யுறன், உயர்தரம் பயோ ரெண்டு தரம் எழுதியும் மெடிசின் கிடைக்கேல்ல, இனி எழுதப் போறது மூண்டாம் தரம், அதுக்கு மேல எழுதிக் கம்பசுக்குப் போகேலாது. அப்பா இல்லை, தம்பிமார் ரெண்டு பேர் படிக்கினம், வேலையை விட்டிட்டுப் படி எண்டு அம்மாவால சொல்லேலாது, நானும் கேக்கேல்ல.

விடிய மூண்டரைக்கு எழும்பினா ரெண்டு மணித்தியாலம் கிடைக்கும், அதுக்குள்ள பௌதிகம், ஏனெண்டா வேலையால வந்து களைச்ச தலைக்கு அது ஏறாது. உயிரியல் பஸ்ஸுக்குள்ள, பரந்தன் வாறதுக்கிடையில போனில எடுத்து வச்ச நோட்ஸ் ரெண்டு பக்கம் முடிஞ்சிடும். எம்சிகியூ, அதுதான் சரியான விடையைத் தெரியிற கேள்வி, 50ஐயும் 2 மணித்தியாலத்தில ஒரே இருப்பில செய்து பழக ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இதெல்லாம் எப்பிடியோ சமாளிக்கிறன்.

சமாளிக்க ஏலாதது செய்முறை, அதுக்காகத்தான் இந்தக் கடிதம். ரெண்டாம் பேப்பரில அமைப்புக் கட்டுரை, அதாவது பகுதி பகுதியாப் பிரிச்சுக் கேக்கிற கேள்வி, 4 வரும், பௌதிகத்தில அது அனேகமா செய்து பார்த்த பிள்ளையைத்தான் கேக்கிற மாதிரி இருக்கும். மின்னழுத்தம் அளக்கிற அழுத்தமானிக் கம்பியில, அதைத் தொடுற சாவியைத் தேய்ச்சு இழுக்காமல் தொட்டுத் தொட்டு எடுக்கிறது ஏன் எண்டு கேட்டா, தேய்ச்சா கம்பி எல்லா இடமும் ஒரே தடிப்பா இராது எண்டு நான் பாடமாக்கி எழுதுவன், ஆனா அந்தச் சாவியை நான் கையில பிடிச்சதே பள்ளிக்கூடத்தில ஒரே ஒருக்காத்தான், ஒரு செட்டைச் சுத்தி பத்துப் பேர் நிண்டம். இரசாயனவியலில கரைசலின்ர செறிவு பார்க்கிற நியமிப்பும் அப்பிடித்தான், அளவி எண்ட அளவு போட்ட கண்ணாடிக் குழாயில இருந்து கடைசித் துளி விழுந்து நிறம் மாறுற அந்த இடத்தில கை நிக்க வேணும், அது புத்தகம் பார்த்து வராது. பள்ளிக்கூடத்தை விட்டு விலகித் தனியார் பரீட்சார்த்தியாப் போனா ஆய்வுகூடக் கதவும் பூட்டுத்தான், ஒரு இடத்தில போய்க் கேட்டும் பார்த்தன், சாமான் உடைஞ்சா ஆர் பொறுப்பு எண்டு கேட்டினம், அவையிலயும் பிழை சொல்லேலாது.

வன்னிப் பிள்ளையளுக்கு மாவட்டக் கோட்டா இருக்குத்தானே, லேசு எண்டு கன பேர் சொல்லுவினம். கம்பஸ் இடங்களை 40 வீதம் முழு இலங்கைக்கும் திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கின 16 மாவட்டத்துக்கு எண்டுதான் பிரிக்கினம், எங்கட மாவட்டங்களில சனம் குறைவு, அதால வாற இடமும் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்துக்கு ரியூசனுக்கு யாழ்ப்பாணம் போய் நிண்டு படிக்கிற பிள்ளையளும் நானும் ஒண்டாத்தான் ஓடுறம்.

இன்னொண்டும் சொல்ல வேணும். 2024இல நவம்பர் கடைசி வெள்ளத்தால சோதனையை இடையில நிப்பாட்டித் திகதி மாத்தினவை, அது சரி, ரோட்டெல்லாம் தண்ணி, வேற வழி இல்லை. ஆனா நான் எடுத்த லீவு அந்தப் பழைய திகதிக்கு, புதுத் திகதிக்குத் திரும்பக் கேட்டு சம்பளமில்லாமல் நோ பேயில நிண்டு, அந்த மாதம் அற்றென்டன்சும் போச்சு. சோதனைத் திகதி மாறினா வேலை செய்யுற பிள்ளையளுக்கு அதுக்கேற்ற மாதிரி லீவையும் மாத்திக் குடுக்கச் சொல்லி பரீட்சைத் திணைக்களம் ஒரு கடிதம் தந்தாலே காணும்.

வலயக் கல்வி அதிகாரிகளிட்ட நான் கேக்கிறது, வலயத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், மாதத்தில ரெண்டு ஞாயிறு, ஒரு சேரோ ரீச்சரோ பொறுப்பா நிண்டு ஆய்வுகூடத்தைத் திறந்து விடுங்கோ. உடையிற சாமானுக்கு நாங்கள் முதலே கையெழுத்து வச்சுக் காசு கட்டுறம், வாற சேருக்கும் எங்களால ஏலுமானதைக் குடுக்கிறம். போயா நாளெண்டாலும் பரவாயில்லை, எங்களுக்கு அண்டைக்கும் லீவுதான்.

இப்படிக்கு,
ஒரு தனியார் பரீட்சார்த்தி,
விசுவமடு.